டிவிக்குப் பின்னால் எந்த வயர் எங்கே போக வேண்டும்: முழுமையான வழிகாட்டி

டிவிக்குப் பின்னால் வயர் மாட்டும்போது நம்மில் பலர் ஒன்றைத்தான் பார்க்கிறோம்: இந்தப் பின் அந்தப் போர்ட்டில் நுழைகிறதா? நுழைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. ஆனால் சிவப்பு, வெள்ளைப் பின்கள் எல்லாக் கருவியிலும் ஒரே அளவுதான். பழைய ஹோம் தியேட்டரின் சிவப்பு, வெள்ளை வயரை டிவியில் செருகினால் கச்சிதமாக உட்காரும். சத்தம் மட்டும் வராது. இன்றைய டிவிகளில் இருக்கும் சிவப்பு, வெள்ளைப் போர்ட்டுகள் பெரும்பாலும் ஒலியை வாங்கிக்கொள்பவை. ஹோம் தியேட்டரும் வாங்கிக்கொள்ளும் பொருள்தான். இரண்டு பக்கமும் வாங்கக் காத்திருந்தால் கொடுப்பது யார்?

அதனால் வயரைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டியது, எது கொடுக்கிறது, எது வாங்குகிறது என்பதைத்தான். செட்டாப் பாக்ஸ், ஓடிடி பார்க்கும் ஸ்டிக், லேப்டாப், கேம் கன்சோல், டிவிடி பிளேயர் எல்லாம் கொடுப்பவை, டிவி வாங்கிக்கொள்ளும். சவுண்டு பார், ஸ்பீக்கர் எல்லாம் வாங்குபவை. டிவிதான் கொடுக்க வேண்டும். இது தெளிவாகிவிட்டால் எந்தக் கேபிள் வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். முதலில் கேபிளை வாங்கிவந்து, அப்புறம் எங்கே மாட்டலாம் என்று பார்ப்பவர்களுக்குத்தான் காசு வீணாகிறது.

முதல் வேலை: போர்ட்டுகளைப் படிப்பது

சுவரில் மாட்டிய டிவியின் பின்னால் தலையை நுழைத்துப் படிப்பது பெரும்பாடு. போன் கேமராவை வீடியோவில் போட்டு, டார்ச்சை எரியவிட்டு, டிவியின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் மெதுவாக நகர்த்துங்கள். பிறகு நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதாவது அச்சிட்டிருப்பார்கள். அதில் 'இன்' என்று இருந்தால் டிவி வாங்கும் போர்ட்; 'அவுட்' என்று இருந்தால் கொடுக்கும் போர்ட். எச்டிஎம்ஐ போர்ட்டுகளில் ஒன்றின் மேல் மட்டும் 'ஆர்க்' அல்லது 'இ-ஆர்க்' என்று இருக்கும். அது சவுண்டு பாருக்கானது. அதை ஒதுக்கி வையுங்கள். ஏதாவது ஒரு போர்ட்டில் '4கே 120 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தால் அது கேம் கன்சோலுக்கு. மிச்சம் இருப்பதில் செட்டாப் பாக்ஸை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். டிவி, பாக்ஸ் இரண்டையும்தான். சாஃப்ட்வேர் கெட்டுவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு பின் பிளக் உள்ள செட்டாப் பாக்ஸ்களிலும் டிவிகளிலும், உள்ளே இருக்கும் வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாக ஒரு சிறு மின்கசிவு உலோகப் பகுதிக்கு வந்துகொண்டே இருக்கும். கேபிள் முனையைத் தொடும்போது சுருக்கென்று கடிப்பது அதனால்தான். ஆளுக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அந்தக் கசிவு எச்டிஎம்ஐ பின்னின் ஏதாவது ஒரு முனை வழியாகப் பாய்ந்தால் போர்ட் செத்துப்போகலாம். வெறும் கூச்சமாக இல்லாமல் பலமாக அடித்தால் கேபிளைத் தொடாதீர்கள்; எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

டிஷ் ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மாடியிலிருந்து வரும் அந்தத் தடித்த கேபிளில் சிக்னல் மட்டும் வருவதில்லை. ஆன்டெனாவின் முனையில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி என்ற கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை பாக்ஸ் அதே கேபிள் வழியாக மேலே அனுப்புகிறது. பாக்ஸ் ஓடும்போது அந்தப் பின்னைத் திருகிக் கழற்றினால், நடுக்கம்பி ஓரத்தில் பட்டு ஷார்ட் ஆகலாம். பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

எச்டிஎம்ஐ: எந்தக் கேபிள், எவ்வளவு நீளம்

2002 டிசம்பரில் வந்த எச்டிஎம்ஐ, படத்தையும் ஒலியையும் 19 முனைகள் உள்ள ஒரே பின்னில் கொண்டுபோகிறது. வடிவம் அன்றிலிருந்து மாறவில்லை, கொள்ளளவு மாறிவிட்டது. 2009-இல் வந்த 1.4 பதிப்பு நொடிக்கு 10.2 ஜிகாபிட், 2013-இல் வந்த 2.0 பதிப்பு 18 ஜிகாபிட். 2017-இல் வந்த 2.1 பதிப்பு 48 ஜிகாபிட். வீட்டுக் கணக்கில் சொன்னால் சாதாரண எச்டி செட்டாப் பாக்ஸுக்கு எந்தப் பழைய கேபிளும் போதும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் பார்க்க 18 ஜிகாபிட் கேபிள் வேண்டும். அதன் பெட்டியில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்று இருக்கும். 4கே 120 ஹெர்ட்ஸ் கேம் கன்சோலுக்கு மட்டும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' கேபிள். இந்த இரண்டு வகைக்கும் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் சான்று லேபிள் உண்டு. கேபிளின் மேல் '2.1' என்று வெறும் எண்ணை அச்சிட்டு விற்பதை நம்ப வேண்டாம்; லேபிளைப் பாருங்கள்.

தங்க முலாம் பூசிய கேபிளில் கலர் தூக்கலாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இது டிஜிட்டல் சிக்னல். கேபிள் தாங்கினால் படம் முழுசாக வரும். தாங்காவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும் அல்லது திரை கறுத்துவிடும். கலர் கொஞ்சம் மங்கி வருவது என்ற நடுநிலை கிடையாது.

நீளம்தான் உண்மையான எதிரி. 4கே 60 ஹெர்ட்ஸுக்குச் சாதாரணச் செம்புக் கேபிள் 5 மீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் போனால் உள்ளே ஃபைபர் ஓடும் ஆக்டிவ் கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்' என்றும் மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்றும் எழுதியிருப்பார்கள். மாற்றி மாட்டினால் படமே வராது. சுவருக்குள் விட்டுப் பூசிய பிறகு இது தெரியவந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சுவர் என்றதும் ஒரு விஷயம். வீடு கட்டும்போது டிவி யூனிட்டிலிருந்து டிவி வரை எலக்ட்ரீஷியன் வழக்கமான முக்கால் இன்ச் பைப்பைத்தான் போடுவார். எச்டிஎம்ஐ கேபிளின் தலை அதில் போகாது. போனாலும் பெண்டில் சிக்கிக்கொள்ளும். குறைந்தது ஒன்றரை இன்ச், முடிந்தால் இரண்டு இன்ச் பைப் போடச் சொல்லுங்கள். மின்சார வயருக்கு அது வேண்டாம், தனிப் பைப் இருக்கட்டும். பைப்புக்குள் ஒரு கயிற்றையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள், பின்னால் கேபிள் மாற்ற வேண்டிவரும்போது இழுக்க உதவும்.

மாட்டியாகிவிட்டது. இப்போது பிளக்கைப் போட்டு, ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தி, மாட்டிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான டிவிகளில் அந்தப் பெயரை 'செட்டாப் பாக்ஸ்', 'கேம்' என்று மாற்றிக்கொள்ள முடியும். மாற்றிவையுங்கள்; வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது அவர்களுக்குப் பெரிய உதவி.

4கே கருவியை மாட்டியவர்கள் இன்னொரு படி போக வேண்டும். பல டிவிகள் வாங்கி வந்தபோது எச்டிஎம்ஐ போர்ட்டைக் குறைந்த கொள்ளளவில்தான் வைத்திருக்கும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்' என்ற இடத்தில் 'என்ஹான்ஸ்டு'. அந்தந்தப் போர்ட்டுக்குத் தனித்தனியாக இதை ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வெளிச்சத்தையும் நிறத்தையும் செறிவாகக் காட்டும் எச்டிஆர் வராமல் போகலாம், 4கே 60 ஹெர்ட்ஸ் முழுத் தரத்தில் கிடைக்காமல் போகலாம். நல்ல டிவி வாங்கியும் படம் சுமார்தான் என்று குறைசொல்லும் பல வீடுகளில் இந்த ஒரு சுவிட்ச்தான் அணைந்து கிடக்கிறது.

செட்டாப் பாக்ஸ்

கேபிள் ஆபரேட்டரின் பாக்ஸோ டிடிஎச் பாக்ஸோ, வழி ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் கோஆக்ஸ் என்ற தடித்த கேபிள் பாக்ஸின் 'இன்' போர்ட்டுக்கு. பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ. எச்டி பாக்ஸ் வைத்துக்கொண்டு இன்னும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரிலேயே பார்ப்பவர்களை நிறையப் பார்க்கலாம். அந்த மஞ்சள் வயரில் எச்டி போகவே போகாது. 576 வரிகளுக்கு மேல் அதற்குத் தாங்காது. எச்டி பேக்குக்குக் காசு கட்டுபவர்கள் ஒரு எச்டிஎம்ஐ கேபிளைச் சேர்த்து வாங்கிவிடலாம். அப்புறம் பாக்ஸின் அமைப்புகளில் வீடியோ அவுட்புட் 1080-இல் இருக்கிறதா, விகிதம் 16:9 இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்கள் குட்டையாகவும் குண்டாகவும் தெரிந்தால் விகிதம்தான் தவறு.

சில டிவிகளில் சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கும். அப்படியானால் டிஷ் கேபிளை நேராக டிவியில் மாட்டி, 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15-ஐ நோக்கித் திருப்பிய ஆன்டெனாவில் டிடி ஃப்ரீ டிஷ் சேனல்கள் பலவற்றைப் பாக்ஸ் இல்லாமலே பார்க்கலாம். கட்டணச் சேனல்கள் பூட்டப்பட்டவை. அவற்றுக்குப் பாக்ஸ் வேண்டும்.

சவுண்டு பாரும் ஹோம் தியேட்டரும்

அதிகம் குழப்பம் வருவது இங்கேதான், ஏனென்றால் இங்கே திசை தலைகீழ். டிவி கொடுக்க வேண்டும்.

சவுண்டு பாரில் எச்டிஎம்ஐ இருந்தால் அதுதான் முதல் தேர்வு. டிவியில் 'ஆர்க்' போட்ட போர்ட், பாரில் 'எச்டிஎம்ஐ அவுட், டிவி ஆர்க்' என்று எழுதிய போர்ட்; இரண்டையும் ஒரு கேபிளால் இணையுங்கள். பாரில் 'அவுட்' என்று எழுதியிருக்கிறதே, ஒலி உள்ளே அல்லவா போக வேண்டும் என்று தோன்றும். ஆர்க் அப்படித்தான்: படம் டிவிக்குப் போகும் அதே கேபிளில் ஒலி எதிர்த்திசையில் திரும்பி வரும். இந்த வசதி 1.4 பதிப்பில் வந்தது. பாரில் 'எச்டிஎம்ஐ இன்' என்று தனியாக ஒன்று இருந்தால் அது பாக்ஸ் போன்றவற்றை மாட்ட; அங்கே டிவியை இணைத்தால் ஒன்றும் நடக்காது.

அடுத்து டிவி மெனுவில் ஒலி வெளியீட்டை 'டிவி ஸ்பீக்கர்' என்பதிலிருந்து ஆர்க்குக்கு மாற்றுங்கள். கருவிகள் எச்டிஎம்ஐ வழியாக ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி என்ற வசதியும் ஆனில் இருக்க வேண்டும். பல கருவிகளில் அது இல்லாமல் ஆர்க் எழுந்திருக்காது. அதை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் ஒளித்து வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க். இது ஆன் ஆனால் டிவி ரிமோட்டிலேயே சவுண்டு பாரின் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு பக்கவிளைவும் உண்டு: ஸ்டிக் தானாக விழித்துக்கொண்டு டிவியையும் எழுப்பிவிடும். தொந்தரவாக இருந்தால் ஸ்டிக்கின் மெனுவில் மட்டும் சிஇசியை அணைத்துவிடுங்கள்.

ஆர்க் போதுமா, இ-ஆர்க் வேண்டுமா? ஓடிடி படங்களுக்கு ஆர்க் போதும். டால்பி டிஜிட்டல் பிளஸ் வழியாக வரும் அட்மாஸ் என்ற சுற்றொலியையும் பெரும்பாலான ஆர்க் டிவிகள் அனுப்பிவிடும். ப்ளூ-ரே டிஸ்கில் உள்ள, தரம் குறைக்கப்படாத ஒலிக்குத்தான் இ-ஆர்க் தேவைப்படும்.

பாரில் எச்டிஎம்ஐ இல்லாவிட்டால் ஆப்டிகல். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த இந்த முறை இன்னும் டிவிகளில் இருக்கிறது. முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டிவியின் ஆப்டிகல் போர்ட் வேலை செய்கிறது என்று பொருள். கேபிளின் இரண்டு முனையிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறக்காதீர்கள், கூர்மையாக மடிக்கவும் கூடாது. ஸ்டீரியோவும் டால்பி 5.1-உம் இதில் போகும், அட்மாஸ் போகாது. சத்தமே வராவிட்டால் டிவியின் டிஜிட்டல் ஒலி அமைப்பைப் 'பிசிஎம்' ஆக்கிப் பாருங்கள். எல்லாக் கருவிக்கும் புரியும் வடிவம் அது.

இனி, தொடக்கத்தில் சொன்ன பழைய ஹோம் தியேட்டர். சிவப்பு, வெள்ளை இன்புட் மட்டுமே உள்ள அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. டிவியில் ஹெட்போன் போர்ட் இருந்தால் 3.5 மில்லிமீட்டர் பின்னிலிருந்து சிவப்பு, வெள்ளையாகப் பிரியும் கேபிள் போதும். ஹெட்போன் போர்ட் இல்லையென்றால் 'டிஜிட்டல் டு அனலாக்' என்ற ஒரு சின்னப் பெட்டி வாங்குங்கள். ஆப்டிகல் உள்ளே, சிவப்பு, வெள்ளை வெளியே. அது ஸ்டீரியோதான் தரும். டால்பியைப் பிரிக்கத் தெரியாத மலிவுப் பெட்டி என்றால் டிவியைப் பிசிஎம்மில் வைத்தாக வேண்டும்.

ஸ்டிக், பென் டிரைவ், ஹார்டு டிஸ்க்

ஸ்டிக்கோடு ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் வரும். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைப் பயன்படுத்துங்கள்: டிவியின் உலோக முதுகிலிருந்து ஸ்டிக் கொஞ்சம் தள்ளியிருந்தால் வைஃபை நன்றாகக் கிடைக்கும், போர்ட்டின் மேல் பாரமும் விழாது. மின்சாரத்துக்கு அதனுடன் வந்த அடாப்டரைப் பயன்படுத்துங்கள். டிவியின் யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 0.5 ஆம்பியர்தான், ஸ்டிக் அடிக்கடி அணைந்து எழுவதற்கு அதுவே காரணமாகலாம்.

ஹார்டு டிஸ்க்குக்கும் இதே கணக்கு. யூஎஸ்பி 3.0 போர்ட் 0.9 ஆம்பியர் வரை தரும், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். சட்டைப்பைக்குள் போகும் 2.5 இன்ச் டிஸ்க்கை அங்கே மாட்டுங்கள். பெரிய 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் அவசியம். பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்குப் பெரிய படத்தை அதில் ஏற்றவே முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள், டிவி எதைப் படிக்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு. படம் ஓடுகிறது, ஒலி இல்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் அந்தக் கோப்பில் உள்ள ஒலி டிடிஎஸ் வகையாக இருக்கும். சாம்சங் 2018 முதல் அதை நிறுத்திவிட்டது. டிஸ்க்கை மாட்டியதும் 'ரெக்கார்டிங்குக்காக ஃபார்மட் செய்யவா' என்று டிவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்யாண வீடியோ எல்லாம் போய்விடும்.

லேப்டாப்பும் போனும்

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருந்தால் நேராக மாட்டி, விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே படம். ஒலி லேப்டாப்பிலேயே வந்தால் ஸ்பீக்கர் ஐகானில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

போனில் கொஞ்சம் எச்சரிக்கை. டைப்-சி போர்ட் உள்ள எல்லாப் போனும் படத்தை வெளியே அனுப்பாது. டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளே இருக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையில் இருக்கிறது, 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் இருக்கிறது. குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இருக்காது. அந்தப் போனுக்கு எந்த அடாப்டர் வாங்கினாலும் பயனில்லை. வைஃபையில் காஸ்ட் செய்வதே வழி.

பழைய வயரும் புதிய டிவியும்

மஞ்சள், சிவப்பு, வெள்ளை இன்புட் இன்று பல டிவிகளில் ஒரே 3.5 மில்லிமீட்டர் துளையாகச் சுருங்கிவிட்டது. அதற்குரிய குட்டி அடாப்டர் டிவிப் பெட்டியில் வரும். தொலைத்துவிட்டு வேறு எதையாவது வாங்கினால், முனைகளின் வரிசை மாறியிருந்து படம் வராமல் இரைச்சல் மட்டும் வரலாம். அதே டிவிக்கானதைக் கேட்டு வாங்குங்கள். வேறு சில டிவிகளில் மஞ்சளும் பச்சையும் ஒரே போர்ட். அங்கே மஞ்சள் வயரை மாட்டிவிட்டு 'காம்பொனன்ட்' என்று தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். 'ஏவி' என்று மாற்றினால் கலர் திரும்பிவிடும்.

டிவியில் ஏவி இன்புட்டே இல்லையென்றால் கன்வெர்ட்டர் வேண்டும், அங்கேயும் திசைதான் முக்கியம். பழைய டிவிடி பிளேயரைப் புது டிவியில் மாட்ட 'ஏவி டு எச்டிஎம்ஐ'. புது ஸ்டிக்கைப் பழைய குண்டு டிவியில் மாட்ட 'எச்டிஎம்ஐ டு ஏவி'. இரண்டு பெட்டியும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. மின்சார இணைப்பு இல்லாமல் ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை மூன்று கலர் பின் என்று மலிவாக விற்கும் வெறும் வயரை வாங்கவே வேண்டாம். டிஜிட்டலை அனலாக்காக மாற்ற உள்ளே ஒரு சிப் வேண்டும்; அந்த வயரில் அது இல்லை.

படம் வரவில்லை என்றால்

'நோ சிக்னல்' என்று வந்தால் டிவி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இன்புட் எண் சரியா, கொடுக்கும் கருவி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தும் வரவில்லையென்றால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு, முதலில் டிவி, அடுத்து சவுண்டு பார், கடைசியில் பாக்ஸ் என்ற வரிசையில் போடுங்கள். கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் வரும் சிக்கல் பெரும்பாலும் இதில் தீர்ந்துவிடும். எச்டிசிபி (படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு) என்று ஏதாவது பிழைச் செய்தி வந்தால் நடுவில் இருக்கும் பழைய ஸ்ப்ளிட்டரையோ கன்வெர்ட்டரையோ எடுத்துவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். 4கே ஓடிடி படங்களுக்கு வழியில் உள்ள எல்லாக் கருவியும் எச்டிசிபி 2.2 ஆக இருக்க வேண்டும்.

உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று பொருந்தாமல் போனால் டிவியிலோ சவுண்டு பாரிலோ 'ஆடியோ டிலே' என்பதைத் தேடுங்கள். கீழே ஓடும் செய்தி வரி பாதி வெட்டுப்பட்டால் படத்தின் அளவை எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' ஆக்குங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு போர்ட்டில் மட்டும் படம் வரவில்லையென்றால், அதே கேபிளை அடுத்த போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே வந்தால் முதல் போர்ட் போய்விட்டது. மழைக்காலத்தில் இது சகஜம். இடி மின்னலின்போது டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். மாடியிலிருந்தும் தெருக் கம்பத்திலிருந்தும் வரும் கோஆக்ஸ் கேபிள் மட்டும் பாக்ஸில் அப்படியே இருக்கும். அதில் ஏறி வரும் அதிக மின்னழுத்தம் பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குள் போகிறது. வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே பாக்ஸின் பிளக்கையும் பிடுங்கி, கோஆக்ஸ் கேபிளையும் திருகிக் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் இறங்கிய பிறகு அந்தக் கேபிளைத் தொடாதீர்கள்.